ஆறு டின் வெயில்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது. (கதை நன்றாகத்தான் வரும், அதில் எனக்குச் சந்தேகமில்லை.)

முதல் வரியாக எழுதிப் பார்த்தது: '1997 ஜூலையில், வெள்ளவத்தைக் கடற்காற்றில், ஒரு மனிதர் சூரியனை' — வேண்டாம். இரத்தினசிங்கம் மாஸ்ரர் வாசித்தால் சிரிப்பார். எங்கள் மேல்வீட்டுக்காரர், இரசாயனம் ரியூஷன் கொடுப்பவர்.

2

மொட்டைமாடியில் கண்ணாடிப் பெட்டி வைத்து, அதற்குள் ஒருவகை உப்பைக் காயவைப்பார். காய்ந்ததைக் காற்றுப் புகாமல் மூடினால் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். தண்ணீர் பட்டதும் வாங்கிய சூட்டைத் திருப்பிக் கொடுக்கும்; மறுபடி வெயிலில் காயும்வரை அவ்வளவுதான். வெற்றிலைச் சுண்ணாம்பு கரைக்கும்போது சட்டி சுடுமே, அதுபோல.

[அடிக்குறிப்பு: சனம் வெக்கையில் வேகிற கொழும்பில் இந்த மனுஷன் சூட்டைச் சேமிக்கிறாரே என்று பகிடி பண்ணியவள்தான் நானும்.]

அவரிடம் படித்த கொட்டாஞ்சேனைக் கொன்ஸ்ரன்ஸ், நுவரெலியாவுக்கு மேலே மின்சாரமில்லாத கிராமமொன்றில் மருத்துவிச்சி. கடிதம் போட்டிருந்தாள்: 'சேர், எட்டாம் மாசத்திலை பிறந்த பிள்ளை. குளிர் தாங்காது. அடுப்பு மூட்டினால் புகைக்கு மூச்சு முட்டுது. இஞ்சை பத்து நாளா வெயிலே இல்லை.'

மாஸ்ரரிடம் காய்ந்த உப்பு ஆறு டின் அளவு இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நனைத்தால் டின்னுக்கு ஒரு நாள் சூடு.

3

"பால்மா டின்னிலை போடுங்கோ மாஸ்ரர். வெள்ளைத் தூள்தானே, ஆமிச் செக்கிங்கிலை ஒருத்தரும் கேக்கமாட்டினம்," என்றேன்.

"பொய் சொல்லப் போறமோ, சிவமணி?"

"பொய்யில்லை. டின்னை மாத்துறம், அவ்வளவுதான்."

கொழும்புத் தமிழர் நாங்கள் அப்படித்தான். உண்மையைச் சொன்னால் நம்பமாட்டார்கள் என்று நாங்களே முடிவுகட்டி, ஒளிக்கத் தேவையில்லாததையும் ஒளிப்போம்.

சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. டின்களோடு மலைக்குப் போகிற மாஸ்ரருக்குத் துணையாக நானும் புறப்பட்டேன்.

4

தெமட்டகொடையில் ஆமிக்காரர் சோதனைக்குப் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். சிப்பாய் [மீசை வைக்கலாமா? வேண்டாம், இருபது வயதுகூட இராது] டின்னைத் தட்டினான்.

"மே மொக்கத?" இது என்னவாம்.

"கிரி பிட்டி" என்றேன். பால்மாவாம்! வாய் முந்திவிட்டது.

தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். கரைத்துக் குடித்துக் காட்டட்டாம்.

என் சிங்களம் முழுக்க எங்கேயோ ஓடிவிட்டது. மாஸ்ரர் ஒரு டின்னைத் திறந்து தண்ணீரை ஊற்றினார். டின் கொதித்து ஆவி பறந்தது. "போம்ப!" குண்டு என்று யாரோ கத்த, சனம் சிதறியது. சிப்பாய் துவக்கைத் தூக்கினான்.

மாஸ்ரர் ஓடவில்லை. சுடுகிற டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்த சிங்களம் பத்துச் சொல். அதில் ஒன்றைத் தேடி எடுத்தார்.

"அவ்வ, மாத்தயா. அவ்வ."

வெயில், ஐயா. வெயில்.

5

முடிவு ஒன்று: சிப்பாய் வெலிமடைக்காரன், குளிர் தெரிந்தவன், சிரித்துக்கொண்டே — சீ, இது நான் கட்டுவது.

முடிவு இரண்டு: மீதி ஐந்திலும் தண்ணீரை ஊற்றச் சொல்லி அவன் —

இரண்டையும் ஐந்து நிமிஷத்தில் எழுதிவிடுவேன். நீங்களும் நம்புவீர்கள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த ரோட்டில் உண்மை சொன்னது நானில்லை. வெட்கமாக இருக்கிறது. முடிவு என் கையில் இருக்கக்கூடாது.

பஸ்காரன் ஹோர்ன் அடிக்கிறான். மலையில் பிள்ளை குளிரில் கிடக்கிறது. மூடி திறக்காத ஐந்து டின் உங்கள் முன்னால். தண்ணீர்ப் போத்தல் இப்போது உங்கள் கையில். மாஸ்ரர் உங்களைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.