மிதித்தால் இறங்கும் பெடல்

கடல் தாண்டி ஒரு பட்டறையில் ஊரார் வண்டிகளைச் சரிசெய்துகொண்டிருந்தவனுக்கு வீட்டிலிருந்து மனைவி போன் செய்தாள்.

“நம்ம கார்ல பிரேக்கை மிதிச்சா கால் தரைக்கே போயிடுதுங்க. நல்லவேளை, வாசலைத் தாண்டல.”

“வண்டியை எடுக்காதே. முன்னாடி திறந்து பிரேக் ஆயில் இருக்கான்னு பாரு.”

ஆயில் குறையவில்லை. நாலு சக்கரத்தையும் குனிந்து பார்த்தாள், எங்கும் ஈரமில்லை.

“இப்ப உள்ள உட்கார்ந்து நாலஞ்சு தடவை மிதி. கெட்டியானதும் அழுத்திப் பிடி.”

“கெட்டியாத்தான் இருக்கு... இல்ல, மெதுவா இறங்குதுங்க.”

“அப்ப மாஸ்டர் சிலிண்டர்தான். உள்ள ரப்பர் போயிருக்கும், அதான் அழுத்தம் நிக்கல. மெக்கானிக்கை வீட்டுக்கே வரச்சொல்லு.”

பேச வேண்டியது முடிந்துவிட்டது. இருவரும் போனை வைக்கவில்லை. பக்கத்தில் இருந்திருந்தால் தானே மாட்டியிருக்கலாம் என்று அவனுக்கு ஆற்றாமையாக இருந்தது.

“அவர் வேலை பாக்கும்போது வீடியோ போடு.”

“சரியா மாட்டுறாரான்னு பாக்கவா?”

“அதெல்லாம் அவர் பாத்துக்குவார். நீ பக்கத்துலதானே நிப்பே?”

மறுநாள் மெக்கானிக் புது சிலிண்டரை மாட்டி முடிக்கும்வரை போனின் கேமரா அவள் முகத்துப் பக்கமே திரும்பியிருந்தது. “சார் ஒண்ணுமே சொல்லலையேம்மா” என்று அவர்தான் இரண்டு தடவை கேட்டார்.