கோதுமை பீர் யாருக்கு

அனூப்புக்கு பீர் பிடிக்காது. கூட்டாளிகளோடு உட்காரும்போது பேருக்கு ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் முடிக்கும்வரை உதட்டை நனைத்துக்கொண்டிருப்பான். அவன் மனைவி ஸ்வப்னாவுக்கோ பீர் என்றால் கொள்ளை ஆசை. அதிலும் கண்டதைத் தொடமாட்டாள். கோதுமையில் காய்ச்சியது, கொஞ்சம் கலங்கலாக, வாழைப்பழமும் கிராம்பும் லேசாக மணப்பது, அது ஒன்றுதான். பெங்களூரில் எம்.காம் படித்தபோது ஒட்டிக்கொண்ட ருசி.

எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோவளத்துக்குப் போவார்கள். அன்றைக்கு அங்கே உட்கார இடமில்லை. போன ஆட்டோவிலேயே விழிஞ்ஞம் வரை வந்து, கடலைப் பார்த்தபடி மாடியில் இருந்த ஒரு பீர் பார்லருக்குள் நுழைந்தார்கள். எங்கே போனாலும் நடப்பதுதான் இங்கேயும் நடந்தது. வெயிட்டர் பீரை அனூப் முன்னாலும், உப்புப் போட்ட லைம் சோடாவை ஸ்வப்னா முன்னாலும் வைத்துவிட்டுப் போனார். அவர் முதுகு திரும்பியதும் இவர்கள் கிளாஸை மாற்றிக்கொண்டார்கள். எதற்கு வீணாக ஒரு பேச்சு?

கிளாஸை உதட்டருகே கொண்டுபோன ஸ்வப்னாவின் கை அப்படியே நின்றது.

"அனூப், அப்பா!"

படியேறி வந்துகொண்டிருந்தது ஆறுமுகநயினாரேதான். சாலை பஜாரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். சலவை வேட்டி, நெற்றியில் திருநீறு. கிளாஸ்கள் பறந்துபோய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்தன. கொஞ்சம் நுரை மேசையில் சிந்தியது.

மகளையும் மருமகனையும் கண்டதும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சமாளித்துக்கொண்டு நாற்காலியை இழுத்தார்.

"நான் சும்மா... கப்பல் பாக்கலாம்னு வந்தேன்." மாப்பிள்ளை முன்னால் இருந்த கிளாஸைக் கவனித்தார். "குடியுங்க மாப்ளே, எனக்காவ நிறுத்தாண்டாம். இதெல்லாம் இப்ப ஒரு குத்தமா?"

அனூப் ஒரு மடக்கு விழுங்கினான். தொண்டை வேண்டாம் வேண்டாம் என்றது. மாமனார் சிரித்த முகமாகப் பார்த்துக்கொண்டே இருந்ததால் இன்னொரு மடக்கு. மேசைக்கடியில் ஸ்வப்னாவின் செருப்பு அவன் காலை மிதித்தது. அவளுடைய பீர் கண்ணெதிரே குறைந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து வெயிட்டர் வந்தார். சட்டையில் ஜெயன் என்று பெயர் எழுதியிருந்தது. ஆறுமுகநயினாரைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"சாரே, போன ஆழ்ச்ச கண்டில்லல்லோ! ஸ்ட்ராங் தன்னே அல்லே? தணுப்பு வேண்டா, எனிக்கறியாம்."

போன வாரம் காணோமே என்ற விசாரிப்பும், சாருக்குக் குளிரவைக்காத ஸ்ட்ராங் பீர்தான் என்ற செய்தியும் ஒரே மூச்சில் மேசைக்கு வந்து சேர்ந்தன. ஆறுமுகநயினார் கடலைப் பார்த்தார். கடலில் அப்போது கப்பலே இல்லை.

ஸ்வப்னா கையை நீட்டி அனூப்பின் முன்னாலிருந்த கிளாஸைத் தன் பக்கம் இழுத்தாள்.

"அப்பா, இது எனக்கு வாங்கினது. அவருக்கு லைம்தான்."

மாமனார் எழுந்து போய்விடுவாரோ, இங்கேயே சத்தம் போடுவாரோ என்று அனூப் பயந்தான்.

"எப்பத் தொட்டு?" என்றார் அவர், குரலை இறக்கி.

"பெங்களூர்ல படிக்கும்போது தொட்டு."

"அம்மைக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீங்க இங்க வாறது?"

அவர் மீசையைத் தடவினார். மகளின் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"என்ன மக்ளே, இப்பிடி அரிசி கழுவின தண்ணி மாதிரி இருக்கு?"

"குடிச்சுப் பாருங்கப்பா."

ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. "இது பீராக்கும்? வாழைப்பழத்த ஊறப் போட்டு எடுத்துருக்கான். பீருன்னா நெஞ்சில ஒரு அடி அடிக்கணும், கேட்டியா."

ஜெயன் கொண்டுவந்து வைத்த ஸ்ட்ராங்கில் ஸ்வப்னாவும் ஒரு வாய் எடுத்தாள். "அய்யே, வெந்நீர்ல இரும்பக் காய்ச்சின மாதிரி இருக்கு. குளிரவாவது வெச்சுக் குடிக்கப்படாதா?"

"குளிர்ந்தா நாக்கு மரத்துரும். பெறகு எதக் குடிச்சா என்ன?"

"குளிராத பீரும் ஆறின காப்பியும் ஒண்ணுப்பா."

விட்டுக்கொடுக்க ரெண்டு பேருக்கும் மனசில்லை. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அப்பாவும் மகளும் "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" என்பதைத் தாண்டிப் பேசி அனூப் கேட்டதில்லை. இப்போது நுரை எவ்வளவு நிற்கவேண்டும், தொட்டுக்கொள்ள வறுத்த கடலையா கப்பைக்கிழங்கு சிப்ஸா என்று மேசையைத் தட்டித் தட்டிப் பேசினார்கள். அவன் லைம் சோடாவை உறிஞ்சிக்கொண்டு சுகமாகச் சாய்ந்திருந்தான். திடீரென்று மாமனார் இவன் பக்கம் திரும்பினார்.

"மாப்ளே, பிடிக்காததையா இவ்வளவு நேரம் குடிச்சிய?"

"நீங்க குடியுங்கன்னு சொன்னிய, மாமா."

ஆறுமுகநயினார் வயிறு குலுங்கச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இனி யாரு சொன்னாலும் குடிக்காதியும். நானே சொன்னாலும்."

திரும்பும்போது மூவரும் ஒரே ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்தார்கள். நடுவில் அனூப். இவன் காதுக்கு மேலே ஸ்ட்ராங்கும் கோதுமையும் இன்னும் மோதிக்கொண்டிருந்தன. திருவல்லம் பாலம் வந்ததும் டிரைவருக்குப் பொறுக்கவில்லை. பாதி தலையைத் திருப்பினார்.

"சாரே, ரெண்டும் வேண்டா. கள்ளாணு கள்ளு!"

"கள்ளா!" என்று அப்பாவும் மகளும் ஒரே குரலில் அவர்மேல் பாய்ந்தார்கள்.