மணல் கோயில் வாசல்

"ரிமோட்டுல பேட்டரி தீந்துபோச்சுப்பா" என்று ஐந்தாவது முறையாகப் பொய் சொல்லிவிட்டு, பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அப்பாவின் உதட்டைத் துடைத்தாள் அவள். அப்பா கண்ணைத் திறக்காமலே ஆள்காட்டி விரலை டிவி பக்கம் நீட்டினார். போடு என்று அர்த்தம். காலையிலிருந்து இதே கூத்துதான்.

பேட்டரிக்கு ஒரு கேடும் இல்லை. முந்தின நாள் மத்தியானம் அவள் செய்துவைத்த காரியம்தான் காரணம்.

அப்பா அப்போது அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். எதிரே டிவியில் அவருடைய விளையாட்டு அப்படியே நின்றிருந்தது. நடுப் பாலைவனத்தில் பாழடைந்த ஒரு கோயில், உள்ளே அறை அறையாக மணல், கையில் விளக்கும் இடுப்பில் கத்தியுமாக நீலச் சட்டை போட்ட ஒரு வீரன். அங்கே ஒரு கல் சக்கரம் உண்டு. அதை இந்தப் பக்கம் திருப்பினால் ஓர் அறையின் மணல் வடிந்து பக்கத்து அறை நிரம்பும். அந்தப் பக்கம் திருப்பினால் இது நிரம்பி அது வடியும். ஐந்து மாதமாக அப்பா அந்தக் கோயிலே கதியென்று கிடந்தார். பார்க்கிற அவளுக்குத்தான் மூச்சு முட்டும். துறைமுகத்தில் இருபத்தெட்டு வருடம் கிரேன் ஓட்டியவர். பெரிய கிரேனில் இரண்டு கம்பி, இந்த ஜாய்ஸ்டிக்கில் இரண்டு குட்டிக் கம்பி, வேறென்ன வித்தியாசம் என்பார். ஒரு வாரமாக அதைக்கூடத் தூக்கக் கையில் தெம்பில்லை. பாவம், நாமாவது நாலடி நகர்த்தி வைப்போம், விழித்ததும் பார்த்துச் சந்தோஷப்படுவார் என்று அவள் ஜாய்ஸ்டிக்கை எடுத்தாள். நல்லது செய்யக் கிளம்பினால் இப்படித்தான்.

அவளுக்கு ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை. அங்கே கம்ப்யூட்டர் ஒரு நாளைக்கு நூறு தடவை எதையாவது கேட்கும். படித்துக்கொண்டிருந்தால் வரிசை தெருவுக்குப் போய்விடும். கண்ணை மூடிக்கொண்டு 'சரி'யைத் தட்டவேண்டியதுதான். பத்து வருடப் பழக்கம். டிவித் திரையும் என்னமோ கேட்டது. சரி. இன்னொரு தடவை கேட்டது. சரி. இருட்டாகி மறுபடி வெளிச்சம் வந்தபோது கோயிலைக் காணோம். விளக்கு இல்லை, கத்தி இல்லை. வீரன் ஒரு கடற்கரையில், முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விட்ட பிள்ளை மாதிரி வெறுங்கையோடு முழித்துக்கொண்டு நின்றான். பழையதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவா என்றுதான் அது இரண்டு முறையும் கேட்டிருக்கிறது.

உடனே டிவியை அணைத்தாள். அதிலிருந்து அவளுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தாள். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். ஆக்ஸிஜன் உருளையின் முள்ளைப் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். இரண்டு நாள் தாங்கினால் அதிகம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த இரண்டு நாளைக்கு அந்த மனிதருக்கு இருந்தது அது ஒன்றுதான். அதிலும் மண்ணைப் போட்டாயிற்று.

இப்போது, உதட்டைத் துடைத்து முடிப்பதற்குள் போன் அடித்தது. தம்பி. அவனாகக் கூப்பிட்டு எத்தனை மாதமாகிறது! சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அக்கா, அப்பா முதல்லேருந்து ஆரம்பிச்சிருக்காரா?"

"எதடா?"

"கேம்க்கா. எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா ஆரம்பிச்சிருக்கார் இல்ல?"

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"நானும் அவரும் ஒரே அக்கவுண்ட்ல ஒரே ஆட்டந்தான்க்கா ஆடறோம். அவர் பகல்ல ஆடுவார். அவர் தூங்கறப்ப நான் இங்கேருந்து ஆடுவேன். அவர் விட்ட எடத்துலேருந்து நான், நான் விட்ட எடத்துலேருந்து அவர். ரெண்டு வருஷமா."

அவள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு வருடம் என்றால் அம்மா போனதிலிருந்து. அம்மாவை எடுத்த மறுநாள்தான் அவன் வந்து சேர்ந்தான். விமானம் கிடைக்கவில்லை, அவன் மேல் தப்பில்லை. அப்பா வாசலிலேயே நிறுத்தி, "இப்ப எதுக்கு வந்தே?" என்று கேட்டார். அவன் பையைக் கீழே வைக்காமலே திரும்பிப் போனான். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. போன மாதம் அவள் போனில் கெஞ்சியதற்கு, "அவர் கூப்பிடட்டும்" என்றான் மகன். இங்கே கேட்டால், "அவனா வரட்டும்" என்றார் அப்பா. இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே வீம்பு. நடுவில் அவள்தான் நாய் படாத பாடு பட்டாள். இப்போது கேட்டால், இரண்டு பேரும் அவளுக்குத் தெரியாமல் தினமும் ஒரே கோயிலுக்குள் போய் வந்துகொண்டிருந்திருக்கிறார்கள். சில நாள் காலையில் டிவியைப் போட்டதும், "நேத்து வந்துட்டுப் போயிருக்கான்" என்று அப்பா முணுமுணுப்பார். மாத்திரை வேலை செய்கிறது என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

"அந்தக் கோயில்ல கடைசிக் கதவு இருக்கில்லக்கா? அதுக்குப் பூட்டே கெடையாது. சும்மா தள்ளினாப் போதும். அஞ்சு மாசமா அவரும் தள்ளல, நானும் தள்ளல. தள்ளினா கதை முடிஞ்சுரும். அப்புறம் எங்களுக்குள்ள என்ன இருக்கு, சொல்லு?" பின்னால் ஏதோ அறிவிப்பு இரைந்தது. "நேத்துப் பாத்தேன். கடக்கரையில நிக்குது. எனக்குப் புரிஞ்சுபோச்சுக்கா. விட்டுத் தள்ளு, முதல்லேருந்து வான்னு கூப்பிடறார். நான் ஏர்போர்ட்ல இருக்கேன். நாலரைக்கெல்லாம் வீட்ல இருப்பேன்."

அது நான்டா, தெரியாத்தனமா அமுக்கித் தொலைச்சுட்டேன்டா என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால்? அவன் புத்தி அவளுக்குத் தெரியாதா? அன்றைக்கு வாசற்படியிலிருந்து திரும்பினவன், அவர் கூப்பிடவில்லை என்று தெரிந்தால் விமானப் படியிலிருந்து திரும்பமாட்டானா?

"ஆமாண்டா, அப்பாதான்" என்றாள். "சீக்கிரம் வா."

கூடத்துக்கு வந்தால் விரல் மறுபடியும் டிவியைக் காட்டிக்கொண்டிருந்தது. இனி பேட்டரி கதை எடுபடாது. அவள் டிவியைப் போட்டாள். கடற்கரை வந்தது. அப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். மார்பு வேகமாக ஏறி இறங்கியது.

"கோயில் எங்க?"

ஒரு பொய்யோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வண்டி ஏற்கெனவே பள்ளத்தில் இறங்கிவிட்டது.

"தம்பிதாம்பா. முதல்லேருந்து ஆரம்பிச்சிருக்கான். இப்பத்தான் போன் பண்ணினான். சாயங்காலம் வர்றான்."

அப்பா அவளைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அலை வந்து வீரனின் கால் வரைக்கும் போய்த் திரும்பியது.

"கிறுக்குப் பய" என்றார். முகத்தில் அப்படி ஒரு களை வந்து அவள் ஆறு மாதமாகப் பார்த்ததில்லை. "குடு அத."

"முடியுமாப்பா?"

"குடுங்கறேன்ல."

இரண்டு தலையணையை அடுக்கி அதன்மேல் அவர் கையை வைத்து, ஜாய்ஸ்டிக்கை உள்ளங்கைக்குள் பொருத்தினாள். கட்டை விரல் மட்டும் நகர்ந்தது. வீரன் நடந்தான்.

அவளால் உட்கார முடியவில்லை. மணி இரண்டு. நாலரைக்கு அவன் வந்து நிற்பான். எதற்குடா அழிச்சே என்று இவர் கேட்பார், நீங்கதானே அழிச்சீங்க என்று அவன் சொல்வான், இரண்டு பேரும் சேர்ந்து அவள் பக்கம் திரும்புவார்கள். அத்தோடு எல்லாம் பழையபடி ஆகிவிடும். இதைவிட மோசமாகவும் ஆகலாம். அவன் வரும்போது அப்பா பேசாமல் கண் மூடிக் கிடந்தால் நன்றாயிருக்கும் என்று ஒரு நினைப்பு குறுக்கே ஓடியது. சீ, என்ன ஜென்மம் நான் என்று தலையில் அடித்துக்கொண்டு, போய் ஜன்னலைத் திறந்தாள். வெயில் அடித்தது. மூடினாள்.

திரையில் ஒரு குகை வந்தது. வாசலில் ஒரு கத்தி மின்னிக்கொண்டிருந்தது. விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத அவளுக்கே அது எடுத்துக்கொள்ள வைத்த கத்தி என்று புரிந்தது. அப்பா கண்டுகொள்ளாமல் தாண்டிப் போனார்.

"அப்பா, அங்க கத்தி இருக்கு பாருங்க."

"அதுக்கெல்லாம் நேரமில்ல."

ஊர்கள் வந்தன. திரையிலிருந்த ஆட்கள் ஏதோ சொல்லக் கையைத் தூக்கினார்கள். அப்பா ஒருத்தருக்கும் நிற்கவில்லை. பச்சை போய் மஞ்சள் வந்தது. பாலைவனம். ஆள் உயரத் தேள் ஒன்று மணலுக்குள்ளிருந்து எழுந்து ஒரே போடாகப் போட்டது. வீரன் விழுந்தான், சற்றுத் தள்ளி மறுபடி எழுந்தான். அப்பா மூச்சு வாங்கினார். மறுபடி நடந்தார். இரண்டாம் தடவையும் தேள். மூன்றாம் தடவையும். நாலாம் தடவை ஒரு பாறைக்குப் பின்னால் ஒண்டி, அது அந்தப் பக்கம் திரும்பியதும் நைசாக நழுவினார். கிரேனிலிருந்து பெட்டியை இறக்குகிற அதே நிதானம். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கில்லாடிதாம்பா நீங்க" என்றாள்.

அப்பாவின் வாய் ஓரம் லேசாகக் கோணியது. தூரத்தில், பறக்கிற மணலுக்கு நடுவே இரண்டு தூண் தெரிந்தது. நெருங்க நெருங்க வாசல் தெரிந்தது. வீரன் மூன்று படி ஏறி வாசலுக்கு நேராக நின்றான்.

ஓய்வெடுக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். சரி, மெதுவாகப் போகட்டும் என்று அவரைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணல் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அவள் கை தானாக அவர் மணிக்கட்டைத் தொட்டது. ஆயிரம் கைகளில் நரம்பு தேடின விரல்கள். இங்கே தேடித் தேடிப் பார்த்தன. மூன்று நாற்பது.

டாக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். காலையில் எடுக்கும்வரை உடலைக் குளிர் அறையில் வைக்க ஆஸ்பத்திரி வண்டிக்குச் சொல்லியாயிற்று. மாடி வீட்டு டெய்லர் இறங்கி வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "இந்த நேரத்துல இது எதுக்கும்மா" என்று ரிமோட்டை எடுத்தார்.

"தொடாதீங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் அவர் ரிமோட்டைக் கட்டில்மேலேயே போட்டுவிட்டார்.

ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால் தம்பி வந்தான். தோளில் பை. வாசற்படியில் நின்றுவிட்டான். அவள் போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"எப்பக்கா?"

"மூணு நாப்பது."

"நான் அப்பத்தான் மேலேருந்து எறங்கிட்டிருந்தேன்" என்றான். அதையே இன்னொரு தடவை சொன்னான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். அப்பாவின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, நிமிர்ந்து திரையைப் பார்த்தான்.

"இது எப்படி இங்க வந்துது?" எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனான். "கத்தி எங்க? கேடயம் எங்க? ஒண்ணுமில்லாம இங்க வரவே முடியாதேக்கா."

"வந்தாருடா. ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சாரு. மூணு தடவ செத்துச் செத்து வந்தாரு."

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் அழுகையாகி, தோள் குலுங்க நின்றான். "எனக்காகத்தான்க்கா. எனக்காகத்தான் அவர் எல்லாத்தையும் அழிச்சுட்டு..."

இதோடு விட்டுவிடலாம். அவன் சந்தோஷமாகவே இதைச் சுமந்துகொண்டு போவான். யார் கேட்கப்போகிறார்கள்? கேட்கக்கூடியவர் படுத்துவிட்டார். ஆனால் இனிமேல் அவன் ஒவ்வொரு தடவை இதைச் சொல்லும்போதும் அவள் தலையாட்ட வேண்டும்.

"அழிச்சது அப்பா இல்லடா" என்றாள். "நான். ஏதோ கேட்டுது, படிக்காம அமுக்கிட்டேன். உங்கிட்ட அவர் அழிச்சார்னு சொன்னேன். அவர்கிட்ட நீ அழிச்சேன்னு சொன்னேன். ரெண்டு பேரையும் ஏமாத்திட்டேன். என்ன வேணும்னாலும் சொல்லு."

தம்பி திரும்பி அவளைப் பார்த்தான். தாடை இறுகியது. அப்பாவுக்குக் கோபம் வந்தால் அப்படித்தான் இறுகும். கத்தட்டும், அடிக்கட்டும் என்று அவள் நின்றாள். மாடி வீட்டு டெய்லர் மெல்ல நழுவி வெளியே போனார். ஆக்ஸிஜனை நிறுத்திவிட்டதால் அறையில் டிவியின் மணல் சத்தம் மட்டும் கேட்டது.

"இங்க வரைக்கும் நடந்தது யாரு?" என்றான்.

"அப்பா."

"நீ கை வச்சியா?"

"தலகாணி வச்சேன். அவ்வளவுதான். கத்திய எடுங்கன்னு சொன்னேன், நேரமில்லன்னுட்டாரு."

அவன் முகத்தைச் சட்டைக் கையால் அழுத்தித் துடைத்தான். கட்டிலுக்கு வந்தான். ஜாய்ஸ்டிக் இன்னும் அப்பாவின் கைக்குள்தான் இருந்தது. எடுக்க நீண்ட அவன் கை பாதியில் நின்றது. அவள் குனிந்து, ஊசி குத்தியபின் நோயாளியின் முஷ்டியைப் பிரிப்பதுபோல் ஒவ்வொரு விரலாகப் பிரித்து, அதை எடுத்துத் தம்பியிடம் கொடுத்தாள்.

தரையில், அப்பாவின் கைக்குப் பக்கத்தில் அவன் சம்மணமிட்டு உட்கார்ந்தான். வெளியே வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. வண்டிக்காரர் ஸ்ட்ரெச்சரோடு வந்து வாசலில் நின்று தொண்டையைச் செருமினார்.

"எடுத்துறலாமாம்மா?"

"ஒரு நிமிஷம் இருங்கண்ணே" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இப்பத்தான் உள்ள போறான்."

வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார். பிறகு ஸ்ட்ரெச்சரைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.