ஹேங்கர் கிடைக்கல

எங்க வீட்டுக்காரர் எடுத்த வேலையை முடிக்க மாட்டாருன்னு யாராவது சொன்னா, அது அபாண்டம். மனுஷன் எடுக்கவே மாட்டாரு. ட்யூப்லைட் மாத்தணும்னா மூணு மாசம் அதை அண்ணாந்து பார்த்து யோசிக்கிற ஜாதி. அப்படிப்பட்டவர் ஒரு நாள் ஆபீஸ் விட்டு வந்து, சட்டையைக்கூட மாத்தாம, பின்னாடி ஷெட்டுக்குள்ள போய் அந்தப் பழைய மவுண்டன் பைக்கை வெளியே இழுத்துட்டு வந்தாரு. நான் வாயைப் பொளந்துட்டேன்.

காரணம் எங்க பொண்ணு. அவளுக்கு ஆஸ்பத்திரி லேப்ல வேலை கிடைச்சிருந்தது. ஆறு மாசம் அலைஞ்சு கிடைச்ச வேலை. மூணு மாசம் வச்சுப் பார்ப்பாங்க, சரியா இருந்தா நிரந்தரம். காலையில சரியா ஏழு மணிக்கு உள்ளே இருக்கணும். முதல் பஸ்ஸைப் பிடிச்சா ஏழரை ஆயிடும். நடந்தா ஒண்ணேகால் மணி நேரம். சைக்கிள்னா சரிவு ரோட்டுல இறங்கி இருபது நிமிஷம். அவ வேற ஒரு சைக்கிள் வாங்கிக்கிறேன்னுதான் சொன்னா. "வீட்டுல இவ்வளவு நல்ல ஃப்ரேம் இருக்கும்போது எதுக்கும்மா? ஒரே வாரம், நான் ரெடி பண்றேன்"னு இவர் நெஞ்சை நிமிர்த்தினாரு.

நல்ல ஃப்ரேமாம்! பதினோரு வருஷமா ஷெட்டுல கிடந்தது. டயர் ரெண்டும் பாளம் பாளமா வெடிச்சிருந்தது. சங்கிலி துருவேறி வளையவே இல்ல. பின் கியரைத் தாங்குற துண்டு உடைஞ்சு, கியர் கேபிள்ல தொங்கிட்டு இருந்தது. அது உடைஞ்ச கதை இந்தத் தெருவுக்கே தெரியும். ஏன்னா நான்தான் சொல்லியிருக்கேன். சரிவு ரோட்டுல நாய் குறுக்கே வந்ததாம், ஐயா விழுந்தாராம். பேன்ட் பின்பக்கம் கிழிஞ்சு, இங்கிருந்து அங்கே வரைக்கும் காத்தோட்டமா வாசல்ல வந்து நின்னாரு. நான் தையல்காரி. கிழிஞ்ச துணி எனக்குப் புதுசில்ல, ஆனா அன்னைக்குச் சிரிச்ச சிரிப்புல விலா வலிச்சுப் போச்சு. அளவு குடுக்க வர்றவங்களுக்கெல்லாம் அந்தக் கதையை ஒரு தடவையாவது சொல்லாம விட்டதில்ல.

சரி, வேலைக்கு வருவோம். முதல் நாளே மொத்த சைக்கிளையும் கழட்டிப் போட்டாச்சு. ஒவ்வொரு திருகாணிக்கும் ஒரு டப்பா, டப்பாவுக்கு ஒரு சீட்டு: 'முன் பிரேக்', 'பின் பிரேக்', 'சந்தேகம்'. ஆமா, 'சந்தேகம்'னே ஒரு டப்பா. அதுதான் எல்லாத்துலயும் பெருசு. இடது பெடல் மட்டும் வரல. ஸ்பேனர் மேல ஏறி நின்னு குதிக்கிறாரு, முக்குறாரு, முனகுறாரு. ஒரு மணி நேரம் கழிச்சு போன்ல பார்த்தா, இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கமாம். அத்தனை நேரமும் இறுக்கிட்டு இருந்திருக்காரு. மறுநாள் காலையில ஜாக்கெட்டுக்குப் பித்தான் வைக்க வந்த டீச்சரம்மாகிட்ட சொன்னேன், அவங்களுக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. இவர் உள் ரூம்ல ஷூ மாட்டிட்டு இருந்தாரு. கேட்டிருக்கும். கேட்கட்டுமே!

டயர், ட்யூப், சங்கிலி, பிரேக் கட்டை, கேபிள் எல்லாம் பத்து நாள்ல வந்து சேர்ந்தது. ஒண்ணே ஒண்ணு தவிர. ஹேங்கர். கட்டைவிரல் நீளத்துல ஒரு அலுமினியத் துண்டு. பின் சக்கரத்துக்குப் பக்கத்துல ஃப்ரேம்ல திருகி வச்சிருக்கும், கியர் அதுலதான் தொங்கும். சைக்கிள் விழுந்தா ஃப்ரேம் தப்பிக்கட்டும்னு அது உடைஞ்சுக்குமாம். நல்ல குணம்தான். ஆனா ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் அதோட வடிவம் வேற. நூத்துக்கணக்குல இருக்காம், ஒண்ணோடது இன்னொண்ணுக்குச் சேராதாம்.

அவ்வளவுதான், நம்ம விஞ்ஞானி தேடலை ஆரம்பிச்சிட்டாரு. உடைஞ்ச துண்டை மேஜையில வச்சு, கட்டப் பேப்பர்ல வரைஞ்சு, ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவுல எவ்வளவுன்னு அளந்து, போட்டோ புடிச்சு, பழைய சைக்கிள் பைத்தியங்க இருக்கிற ஒரு குரூப்புல போட்டாரு. அங்கே நாப்பது பேர் நாப்பது விதமா சொன்னாங்க. தினம் சாயந்திரம் வந்ததும் ஒரே பதில்: "கிடைக்கல." என் மெஷின்ல ஊசி உடைஞ்சா நான் வேற ஊசி மாட்டிட்டு தைப்பேன். குரூப்புல போட்டோ போட்டா துணி தானா தைச்சுக்குமா?

பொண்ணு நடந்தா. விடியறதுக்குள்ள எழுந்து, சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக்கிட்டு, காலைக் கடிக்கிற ஷூவோட நடந்தா. நல்ல நாள்ல ஏழுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே போயிடுவா. மழை பெஞ்சா முடியாது. ரெண்டு தடவை லேட்டு, மூணாவது தடவை இனிமே லேட்டா வர மாட்டேன்னு எழுதிக் கையெழுத்து வாங்கிட்டாங்க.

"அப்பா, எப்பப்பா முடியும்?"

"அடுத்த வாரம்மா. ஹேங்கர் மட்டும்தான் பாக்கி."

"நான் வேணா வேற பழசு ஏதாவது பார்க்கட்டுமா?"

"சேச்சே! இது கிட்டத்தட்ட முடிஞ்சிடுச்சு."

நான் மெஷின்ல இருந்தே குரல் குடுத்தேன்: "அவசரப்படாதேடி. உன் பேரன் காலத்துல ஓட்டிப் பார்க்கலாம்." அவ சிரிக்கல. அவளுக்காக அன்னைக்கே நான் எழுந்து போய் ஒரு சைக்கிள் வாங்கியிருக்கலாம். ஏன் போகலன்னா, உண்மையைச் சொல்றேன், இவர் எத்தனை நாள் இழுக்குறாருன்னு பார்க்கிறது எனக்கு ருசியா இருந்தது. வாடிக்கைக்காரங்க வந்ததும் வராததுமா, "என்னக்கா, ஹேங்கர் வந்துடுச்சா?"ன்னு கேட்டாங்க. எனக்கும் சொல்ல தினம் ஒண்ணு இருந்தது.

எட்டாவது வாரம், புதன்கிழமை. நல்ல மழை. காலையில ஒன்பதரைக்குப் பொண்ணு தொப்பலா நனைஞ்சு வீட்டுக்குள்ள வந்தா. பையைக் கீழே வச்சா.

"இன்னைக்கும் லேட்டு. இனிமே வர வேண்டாம்னுட்டாங்கம்மா."

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோபம்! உடைஞ்ச துண்டை ஒரு துணியில சுத்திக்கிட்டு நேரா சைக்கிள் கடைக்குப் போனேன். இன்னைக்கு இதை வாங்கி, அந்த மனுஷன் வர்றதுக்குள்ள மாட்டி, வாசல்ல நிறுத்தி மானத்தை வாங்கணும்னு இருந்தது.

கடைக்காரர் துண்டைக் கையில வாங்கினதும் முழிச்சாரு. "இதுதானேம்மா? சார் இதைக் காட்டி அஞ்சு வாரம் முன்னாடியே வாங்கிட்டுப் போனாரே. புதுசையும் இதையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பார்த்தோம். அச்சு அசலா இருந்தது. ஏன், தொலைச்சிட்டாரா?"

வீட்டுக்கு எப்படி வந்தேன்னு தெரியல. டப்பாக்களை ஒவ்வொண்ணா தரையில கொட்டினேன். 'சந்தேகம்' டப்பாவுக்கு அடியில, கவர்கூடப் பிரிக்காம இருந்தது. பொண்ணு பக்கத்துல நின்னு பார்த்தா.

சாயந்திரம் இவர் வந்தாரு. கவரை அவர் மூஞ்சிக்கு நேரா நீட்டினேன்.

"இது என்ன?"

நின்ன இடத்துலயே உட்கார்ந்துட்டாரு.

"அவளுக்கு வேலை போச்சு. தெரியுமா? சொல்லுங்க! கிடைக்கல கிடைக்கலன்னு யார் காதுல பூ சுத்துனீங்க?"

தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னாரு: "அன்னைக்கு நாய் எதுவும் வரல. லாரி. பின்னாடி வந்து உரசித் தள்ளிட்டு நிக்காமப் போயிட்டான். என் தலைக்கும் லாரி டயருக்கும் நடுவுல ஒரு சாண்கூட இல்ல. அதே சரிவு ரோடு. இவளை அதுல எப்படி அனுப்புவேன்? வாங்கிட்டு வந்துட்டேன், மாட்ட கை வரல."

"அதை அன்னைக்கே சொல்றதுக்கு என்ன கேடு?"

"வாசல்ல வந்து நின்னேன். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள நீ சிரிக்க ஆரம்பிச்சிட்டே. உள்ளே துணி வாங்க வந்தவங்க ரெண்டு பேர் இருந்தாங்க, அவங்களையும் கூப்பிட்டுக் காட்டினே. லாரின்னு சொல்ல வாய் வரல. நாய்ன்னேன்." நிமிர்ந்து என்னைப் பார்த்தாரு. "இப்பவும் பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா, மறுநாள் டீச்சரம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும்."

அவர் சொன்னது நிஜம். நான் சொல்லியிருப்பேன். நடிச்சுக்கூடக் காட்டியிருப்பேன்.

பொண்ணு சுவரோரமா உட்கார்ந்து, ஷூ கடிச்ச காலுக்கு எண்ணெய் தடவிட்டு இருந்தா. குதிகால் ரெண்டும் தோல் உரிஞ்சு சிவந்திருந்தது. நாங்க ரெண்டு பேரும் அவ யார் பக்கம் பேசப் போறான்னு காத்துக்கிட்டு இருந்தோம்.

அவ தலை நிமிரவே இல்ல.

"அவர் பயந்துக்கிட்டு இருந்தாரு. நீ சிரிச்சுக்கிட்டு இருந்தே. எட்டு வாரம் நடந்தவ நான்."