கைதட்டலை நிறுத்திய அக்கா

அக்காவின் ஆய்வு முடிந்தது என்று கேள்விப்பட்டதும், பத்திரிகையில் வேலை பார்க்கும் தம்பி அவளுடைய உளவியல் துறை அறைக்கு ஓடி வந்தான். கணினித் திரையில் புள்ளிகள் எறும்புச் சாரைபோல் மேலேறின. படுக்கையில் போன் பார்க்கும் நேரம் கூடக் கூட, பள்ளிப் பிள்ளைகளின் மனப்பதற்றமும் கூடியிருந்தது.

"தலைப்பு ரெடிக்கா. 'பிள்ளைகளைப் பதற வைக்கும் போன்!' முதல் பக்கம்தான்."

"அப்படிப் போட்டுத் தொலைக்காதடா. ரெண்டும் சேர்ந்து ஏறுது, அவ்வளவுதான். இதுக்குப் பேரு ஒட்டுறவு. போன் பார்த்துப் பதறுதுங்களா, பதறுற பிள்ளைங்க போனைத் தேடுதுங்களா, இல்ல ரெண்டுக்கும் பின்னால வேற ஏதாவது இருக்கான்னு இது சொல்லாது."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு பாடுபட்ட?"

"காரணம் தெரியணும்னு பிள்ளைங்கள வேணும்னே பதற வச்சுப் பார்க்க முடியுமா? எங்க தேடணும்னு இது காட்டும்ல."

தம்பிக்கு எரிச்சலாக வந்தது. கைக்கெட்டியதைத் தட்டிவிடுகிறாளே!

மறுநாள், ஆய்வு நடந்த பள்ளியில் பெற்றோர் கூட்டம். தம்பியும் போயிருந்தான். "போன்தான் குற்றவாளின்னு கண்டுபிடிச்சவங்க இவங்க" என்று தலைமையாசிரியர் அறிமுகம் செய்ய, கைதட்டலில் அரங்கமே அதிர்ந்தது. அக்கா கையை உயர்த்தி அதை நிறுத்தினாள்.

"மன்னிக்கணும். நான் அதைக் கண்டுபிடிக்கல." தம்பியிடம் சொன்னதையே பொறுமையாக அவர்களுக்கும் விளக்கினாள்.

"அப்ப காரணம் உங்களுக்கே தெரியாதா?" என்றார் ஒரு அப்பா. சிலர் சிரித்தார்கள்.

"இன்னும் தெரியாதுங்க."

தம்பிக்கு முகம் சுண்டிப்போனது. அவள் முகத்திலோ ஒரு சுருக்கமும் இல்லை.

அப்போது பின்வரிசையில் ஒரு அம்மா தயங்கி எழுந்தாள். "நாங்க சண்டை போடுறப்பதான் எங்க பொண்ணு போனோட படுக்கைக்குப் போறா. அதைப் பிடுங்கினா அழுவுறா. நான்தான் தப்பா பிடுங்கிட்டேனா?"

இந்த முறையாவது 'பார்த்தீங்களா, இதுதான் காரணம்' என்று அக்கா சொல்லிவிடுவாள் என்று தம்பி எதிர்பார்த்தான்.

"அவசரப்பட்டு உங்க மேலயும் பழி போட மாட்டேன்மா," என்றாள் அக்கா. "வீட்டுச் சண்டையைப் பத்தி இந்த ஆய்வுல நான் கேட்கவே இல்ல. கேட்டிருக்கணும். அடுத்த தடவை கேட்கிறேன். அதுவரைக்கும் பொண்ணுகிட்ட நீங்களே மெதுவா பேசிப் பாருங்க."

தெரியாது என்று சொல்ல இவ்வளவு நெஞ்சுரம் வேண்டுமா என்று தம்பிக்குத் தோன்றியது. சாயங்காலம் பழைய தலைப்பை அடித்துவிட்டு, 'போனும் பதற்றமும்: காரணம் இன்னும் தெரியவில்லை' என்று எழுதினான். பத்திரிகை ஆசிரியர் முகம் சுளித்து அதை உள்பக்கத்துக்குத் தள்ளினார். தம்பி மல்லுக்கு நிற்கவில்லை. ஒரு சொல்லையும் மாற்றவிடவுமில்லை.