தனக்கோடி இறக்கிய மேடை

அந்தக் கோர்ட் ஹாலின் மூன்றடி உயர மேடை, மேலே இருந்த இரண்டு நீதிபதிகள், மேசை, ஃபைல் கட்டுகள் எல்லாவற்றோடும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகாலுக்குத் தரைமட்டத்துக்கு இறங்கியது. தம்ளர் தண்ணீர் ஒரு சொட்டும் சிந்தவில்லை. இரண்டு நாளுக்கு முன் அல்சூரில் தனக்கோடி மைக்கில் பேசியதுதான் காரணம் என்பதில் பெங்களூரில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பொதுப்பணித் துறை இன்ஜினியர் மட்டும் கரையானாக இருக்கலாம் என்று எழுதினார். மேடை கருங்கல், பாவம், அவர் தட்டிப் பார்க்கவில்லை.

தனக்கோடி பேசியதற்குக் காரணம் ஒரு சுவர். பத்தொன்பது வருஷத்துக்கு முன் பக்கத்து மனைக்காரர், சந்து முழுக்கத் தன்னுடையது என்று சொல்லி, அவள் வீட்டு வாசற்கதவுக்கு ஒரு சாண் தள்ளிச் சுவர் எழுப்பினார். வழக்கு முடியும்வரை இருப்பது இருக்கிறபடி இருக்கட்டும் என்றது கோர்ட். இருந்தது. அன்றிலிருந்து குடும்பம் பின்பக்கத்து ஜன்னல் வழியாகச் சுற்றித்தான் போய்வந்தது. ஃப்ரிட்ஜ் அப்படித்தான் வந்தது, மகள் வீணா மாலையும் கழுத்துமாக அப்படித்தான் புகுந்த வீட்டுக்குப் போனாள். இப்போது கணவர் அப்பாதுரைக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. பீன்யா ஃபேக்டரியில் போல்ட்டுப் பெட்டி தூக்கிய உடம்பு என்பதால் தனக்கோடி அவரைத் தோளில் போட்டு ஜன்னல் தாண்டுவாள். வேறு யாருக்கும் அந்தத் தூக்கு கைவரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வார்டு கூட்டத்தில் மைக் கைக்கு வந்ததும் அவளுக்குப் பொங்கிவிட்டது. “மூணடி மேல குந்திக்கினு இருந்தா கீழ இருக்கிறவன் கஷ்டம் எப்டிப்பா தெரியும்? காசு வாங்கிக்கினுதான் தேதி தேதியா தள்றாங்க! எறங்கி வந்து பாக்கச் சொல்லு!” சுடச்சுட வீடியோ போட்ட வார்டுப் பையன் விக்கியின் யூட்யூப் சேனலில் அதை நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். கூடுதலாக இரண்டு பேர் கறுப்பு அங்கியில் பார்த்தார்கள்.

பதினோராம் நாள் பதிவுத் தபாலில் கவர் வந்தது. பத்தொன்பது வருஷத்தில் கோர்ட்டே வலிய எழுதிய முதல் கவர்! இங்கிலீஷில் இருந்தால் என்ன, ஜெயித்தாகிவிட்டது என்று தனக்கோடி சந்து முழுக்க மைசூர்பாக் கொடுத்தாள். பக்கத்து மனைக்காரருக்கும் இரண்டு துண்டு. வக்கீல் லாயிட் வந்து, மைசூர்பாக்கை வாயில் வைத்துக்கொண்டே கவரைப் படித்து, மெல்வதை நிறுத்தினார்.

“ஆன்ட்டி, இது கோர்ட் அவமதிப்பு. ஆறு மாசம் உள்ள போட்டுடுவாங்க. நீங்க மன்னிப்பு கேட்டீங்கன்னா மேடையும் மேல ஏறிடும்னு அவங்க நம்பறாங்க. எல்லாத்துக்கும் சேத்து கேட்டுடுங்க.”

ஜெயிலை நினைத்து அவள் பயப்படவில்லை. ஆறு மாசம் இந்த மனுஷனை யார் தூக்குவார்கள் என்றுதான் பயந்தாள்.

கவரில் சொன்ன தேதியன்று கோர்ட் ஹாலில் நிற்க இடமில்லை. பருத்த உடம்புக்காரரான மூத்த நீதிபதியின் கண், தனக்கோடியின் கண்ணுக்கு நேராக இருந்தது. அவர் கண்ணில் தூக்கமில்லாத சிவப்பு இருப்பதை அவள் பார்த்தாள். இத்தனை வருஷம் அங்கே வந்தும் அவர்கள் முகத்தை அவள் சரியாகப் பார்த்ததே இல்லை.

“சாமி, காசு வாங்குனாங்கன்னு சொன்னது தப்பு. நான் கண்ணால பாக்கல, ஆத்திரத்துல வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க,” என்றாள். இன்ஜினியர் டேப்பை நீட்டிப் பிடித்தார். மேடை அசையவில்லை. “ஒசரத்தப் பத்திச் சொன்னத மட்டும் என்னால வாபஸ் வாங்க முடியாது. என் வூட்டுக்காரரத் தோள்ல போட்டு ஜன்னல் தாண்டுறேன் சாமி.” லாயிட் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“யாக்கம்மா? ஏன் ஜன்னல்?” என்று கன்னடமும் தமிழுமாகக் கேட்டார் மூத்த நீதிபதி. இருநூற்றுப் பதினான்கு வாய்தாவில் அதை யாரும் கேட்டதில்லை. ஃபைலில் ஜன்னலே இல்லை, சர்வே நம்பர்தான் இருந்தது.

சனிக்கிழமை அவரே பார்வையிட வந்தார். “வலது காலு மொதல்ல சாமி, தலையக் குனிங்க,” என்று தனக்கோடி சொல்லச் சொல்ல ஏறி, பாதியில் இடுப்பு சிக்கி, இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் கோர்ட் டவாலியும் இழுத்துத் தள்ளி, ஒருவழியாக உள்ளே விழுந்தார். மூச்சு வாங்க நிமிர்ந்தவர், திறந்த வாசற்கதவையும் அதற்கப்பால் செங்கல்லையும் வெகுநேரம் பார்த்தார். கொடுத்த காபியை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் மட்டும் குடித்தார். அடுத்த வாரம் மன்னிப்பை ஏற்று அவமதிப்பு வழக்கை முடித்தார்கள். சந்து பொதுவழி, சுவரை இடிக்கலாம் என்ற தீர்ப்பும் அன்றைக்கே வந்தது.

சுவர் விழுந்த அன்று அப்பாதுரை வாக்கரை ஊன்றி வாசற்படி தாண்டினார். நாலு எட்டில் சந்து முடிந்து தெரு. அங்கே நின்று திரும்பிப் பார்த்தார். “இன்னாடி தனம், தெரு இவ்ளோ கிட்டயா கீது?” என்றார். தனக்கோடி சிரித்தாள், உடனே கேவிக் கேவி அழுதாள், அழுதுகொண்டே மிச்ச மைசூர்பாக்கை எடுத்துவரப் பழக்கதோஷத்தில் ஜன்னல் ஏறினாள்.

மேடை பிறகு ஏறவேயில்லை. ஜாக்கி வைத்துப் பார்த்துவிட்டு, தரை சமமாக உள்ளது என்று எழுதி ஃபைலை மூடினார்கள். அதற்கு ஏறிய மூன்று கருங்கல் படிகள் மட்டும் ஹாலில் எங்கும் போகாமல் நிற்கின்றன. டவாலி மேல்படியில் தன் டிபன் டப்பாவை வைத்துக்கொள்கிறார்.