கை நீட்டும் பொம்மை

மோக்போ துறைமுக நகரில், செவிலியர் கல்லூரியின் மூன்றாம் மாடியில் படுத்திருந்த பயிற்சிப் பொம்மை, மார்ச் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலையில், ஒரு மாணவியின் கன்னத்தில் ஓங்கி அறைந்து அவளுடைய கடைவாய்ப் பல்லை உடைத்தது. மூச்சு விடவும் கண் சிமிட்டவும் நாடி துடிக்கவும் மட்டுமே செய்யப்பட்ட பொம்மை அது. கையைத் தூக்கும் கருவி எதுவும் அதற்குள் கிடையாது. சியோலிலிருந்து வந்த பழுது பார்ப்பவர் முதுகைத் திறந்து பார்த்தார், வயிற்றில் ஓர் உதை வாங்கினார், ‘நல்ல நிலையில் இருக்கிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார், துறைமுகத்தில் பேய்க்கணவாய் சாப்பிட்டுவிட்டு மதிய ரயிலில் திரும்பினார்.

பாடத்தை வடிவமைத்தவர் பேராசிரியர் கும் ஜிசுக். பதினெட்டு வருடம் அவசரப் பிரிவில் செவிலியாக வேலை பார்த்தவர். ‘ஐம்பத்திரண்டு வயதுக் குடிகாரர், நெற்றியில் வெட்டு, மூன்று மணி நேரமாகக் காத்திருக்கிறார், கடுங்கோபம்’ என்று அவர் எழுதியதைப் பொம்மை சொன்னபடியே எடுத்துக்கொண்டது போலிருக்கிறது. அதன் வாயில் சோஜுச் சாராய வாடைகூட அடித்தது. ஜிசுக் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து மைக்கில் பேசுவார்; அது பொம்மையின் வாய் வழியே ஆண் குரலாக வரும். இன்னொரு கையில் இருபது குறிப்புகள் கொண்ட மதிப்பெண் பட்டியல். பெயர் கேட்க வேண்டும், பெயர் எழுதிய கைப்பட்டையைச் சரிபார்க்க வேண்டும், காக்க வைத்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும், குனிந்து வணங்க வேண்டும், அடங்காவிட்டால் இன்னொரு முறை வணங்க வேண்டும். கட்டிலை விட்டு நகர்ந்தால் பூஜ்யம்.

அடி விழுந்தால் என்ன செய்வது என்று அதில் ஒரு வரியும் இல்லை, ஏனென்றால் ஜிசுக் அறிந்தவரை யாரும் எதுவும் செய்ததில்லை. அவருக்கு இருபத்து நான்கு வயதில் ஒரு நோயாளி சலைன் மாட்டும் கம்பியால் மூக்கை உடைத்தான். பழச்சாறுப் பெட்டியோடு போய் அவனிடமே மன்னிப்புக் கேட்டு வரச் சொன்னார் தலைமைச் செவிலியர். ஜிசுக் போனார். பிறகு தனக்குக் கீழே வந்த பதினோரு பெண்களையும் அப்படியே போகவைத்தார். புதிதாக வருபவளைச் சாம்பலாகும்வரை வாட்டி எடுப்பதற்கு அந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் ‘எரிப்பது’ என்றே பெயர். எரிந்ததால்தான் தான் ஆளானதாக அவர் மனதார நம்பினார். நம்பாவிட்டால் அந்தப் பதினெட்டு வருடமும் வெறும் அடி என்றாகிவிடும், பாவம்.

ஆகவே வகுப்பு நடந்தது. ஏப்ரலில் இரண்டு விலா எலும்புகள், மே மாதத்தில் ஒரு மணிக்கட்டு. ஒவ்வொரு அமர்வும் முடிந்தபின் வட்டமாக உட்கார்ந்து கலந்துரையாடினார்கள்.

“எது நல்லா வந்துச்சு?” என்பார் ஜிசுக்.

“ரெண்டாவது தடவ குனிஞ்சது மேடம்,” என்பாள் வாயில் பஞ்சு வைத்த ஒருத்தி.

“எத மாத்திக்கணும்?”

“மூக்கு ரத்தம் அவரு சட்டையில சொட்டிருச்சு மேடம். அடுத்த வாட்டி தள்ளி நின்னு சொட்ட விடறேன்.”

ஜூன் மாதத் தேர்வில் பியோ யேவோன் என்ற தீவுக்காரப் பெண் உள்ளே போனாள். இதில் தோற்றால் அவள் செவிலியர் உரிமத்துக்கான அரசுத் தேர்வு எழுத முடியாது. கைப்பட்டையைத் தொட்ட உடனே பொம்மை அவள் கழுத்தைப் பிடித்தது. பிடித்த கைக்குள்ளேயே அவள் குனிந்தாள். ஜிசுக் ஒரு டிக் போட்டார். பதினான்காவது குறிப்பு, ‘குரல் தாழ்ந்திருந்தது’. குரலே வரவில்லை; அதற்கும் ஒரு டிக் போட்டார். அப்புறம் உதடு நீலமானது. பதினெட்டு வருடம் பார்த்த நீலம் அது. ஜிசுக்கின் பேனா கீழே விழுந்தது.

“ஓடுடி! அவன மிதிச்சுட்டு ஓடு!” என்று மைக்கில் கத்தினார்.

கழுத்தை நெரிக்கும் பொம்மையின் வாயிலிருந்தே அந்த வார்த்தைகள் வந்தன. நோயாளி என்ன சொன்னாலும் பணிவாகப் பதில் சொல்ல வேண்டும் என்பது ஒன்பதாவது குறிப்பு.

“மன்னிச்சிடுங்க அய்யா,” என்றாள் யேவோன், காற்றாக. “ரொம்ப நேரம்... காக்க வெச்சுட்டோம்.”

ஜிசுக் நாற்காலியால் கண்ணாடியை உடைத்து உள்ளே குதித்தார். ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தூக்கிப் பொம்மையின் முழங்கையில் அடித்தார், தோளில் அடித்தார், முகத்தில் அடித்தார். அது யேவோனின் கழுத்தை விட்டுவிட்டு அவருடைய இரண்டு விரல்களை ஒடித்தது. முப்பது வருடத்தில் முதல் முறையாக, அடித்தவனிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை; காது கூசும் வசவுகளாகத் திட்டினார். தரையில் கிடந்த ரத்தத்தைச் சோதித்தபோது மூன்று பேருடையது இருந்தது. பொம்மைக்கு பி பாசிட்டிவ்.

வராந்தாவில் யேவோன் இருமி இருமி மூச்சை மீட்டுக்கொண்டாள். “மேடம், நான் ஃபெயிலா?” என்றுதான் முதலில் கேட்டாள்.

ஜிசுக்குக்கு வெட்கமாக இருந்தது. “பட்டியலே தப்புடி,” என்றார். “நாந்தான் எழுதினேன்.” பதினோரு பெண்களின் பெயர்களும் வரிசையாக நினைவுக்கு வர, அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

புதிய பட்டியலில் மூன்றே குறிப்புகள்: கதவு உன் முதுகுப் பக்கம் இருக்கட்டும், மணியை அடி, வெளியே போ. யேவோன் மறுபடி உள்ளே போன தேர்வு ஒன்பது நொடியில் முடிந்தது. பொம்மையை யாரும் தூக்கிப் போடவில்லை. அது செவ்வாயும் வியாழனும் கை நீட்டும் என்பது கால அட்டவணையில் சேர்ந்தது. கையுறை, பஞ்சு வாங்கும்போதே வருடத்துக்கு இரண்டு மாற்றுக் கைகளையும் கல்லூரி வாங்கி வைத்தது.

அடுத்த வசந்தத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தலைமைச் செவிலியர் போனில் கூப்பிட்டார். “உங்க காலேஜ் பொண்ணு, பேஷண்ட் கை ஓங்கினதும் மணிய அடிச்சுட்டு வெளிய போயிட்டா. மன்னிப்புக் கேளுன்னா, மாட்டேன்னு நிக்கறா. என்னத்தச் சொல்லிக் குடுக்கறீங்க அங்க?”

“யாரு, யேவோனா?”

“அவளேதான்.”

“முழு மார்க் வாங்கின பொண்ணும்மா அவ,” என்று சொல்லிப் போனை வைத்தார் ஜிசுக். அன்று செவ்வாய்க்கிழமை. அடுத்த மாணவியை உள்ளே அனுப்பினார். பொம்மை கையை ஓங்கியது. மணி அடித்தது, அவள் வெளியே போய்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.